சாத்திய கதவும் கீரைக் குழம்பும்

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர், இலையில் சாம்பார் விழுந்ததும் விழாததுமாக, அதன் சரித்திரத்தை எனக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கதை பலருக்கும் தெரிந்ததுதான். தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் ஷாஹஜி ஆண்ட காலம். அரண்மனை அடுப்பங்கரையில் மராட்டியர்களின் ஆம்ட்டி கொதிக்கிறது. அதற்குப் போட வேண்டிய கோக்கம் புளி தீர்ந்து போயிற்று. யாரோ ஒரு புத்திசாலி நம் ஊர்ப் புளியைக் கரைத்து ஊற்றினான். அன்று விருந்துக்கு வந்திருந்த சத்ரபதி சிவாஜியின் மகன் சம்பாஜி அதைச் சாப்பிட்டு மெச்ச, அவர் பெயராலேயே அது சாம்பார் ஆயிற்று. பெரியவர் இதைச் சொன்ன அழகில், அந்தப் பந்தியில் தாமே பரிமாறியவர் போல் இருந்தது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கிறவன் கதையைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! ஷாஹஜி பட்டத்துக்கு வந்தது 1684-ல். அவருடைய பெரியப்பா மகனான சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றது 1689-ல். இடையில் இருப்பது ஐந்தே வருஷம். அந்த ஐந்து வருஷமும் தக்காணத்தில் மொகலாயப் படை கழுத்தில் கத்தி வைத்த மாதிரி நின்றது. அந்த நெருக்கடியில் அவர் காவேரிக் கரைக்கு விருந்து சாப்பிட வந்தார் என்றால், வீரர் என்பதைவிடப் பெரிய போஜனப் பிரியர் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெயருக்கு அரசகுமாரனைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை. சம்பாரம் என்ற சொல் அதற்கு முன்பே இருக்கிறது. மசாலைச் சரக்குகளுக்கும், அவை சேர்ந்த பண்டங்களுக்கும் வழங்கிய சொல் அது. பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டில், அரிசியும் கறியமுதும் நெய்யும் சொல்லும் வரிசையில் சம்பாரமும் வருகிறது. மலையாளத்தில் இன்றைக்கும் சம்பாரம் என்றால் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்ட மோர். சரக்குச் சேர்த்தது எதுவோ அது சம்பாரம். அவ்வளவுதான்.

இதையெல்லாம் பந்தியில் நான் சொல்லவில்லை. அந்தப் பெரியவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நம் வீட்டுப் பண்டம் ஒன்றுக்குக் கௌரவம் வேண்டுமென்றால் உடனே ஓர் அரண்மனையைக் கட்டி, அதற்குள் கொண்டுபோய் அதை வைத்துவிடுகிறோம். அரண்மனைக்குள் எந்தக் காலத்திலும் போகாத சாம்பார் ஒன்று இருக்கிறதே, அதற்கு யார் சரித்திரம் எழுதுவது? கீரைச் சாம்பாரைத்தான் சொல்கிறேன்.

ராயப்பேட்டையில் என் பாட்டி அதைச் சாம்பார் என்றே சொல்லமாட்டாள். கீரைக் குழம்பு என்பாள். சாம்பார் என்றால் முருங்கைக்காயோ, சின்ன வெங்காயமோ மிதக்க வேண்டும்; நாலு பேருக்கு முன் வைக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். கீரைக் குழம்பு வீட்டு மனிதர்களுக்கு. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தால், அடுப்பில் ஏற்றத் தயாராக இருக்கும் கீரையைக்கூட ஒரு கூடையில் போட்டு மூடிப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். "கீரையைப் போட்டு அனுப்பினா, ஒண்ணுமில்லாத வீடுன்னு சொல்லிட மாட்டாங்களா, கண்ணு?" என்பாள். எனக்கு அப்போது விளங்கவில்லை. உலகத்திலேயே ருசியான குழம்பை ஒளித்து வைத்துவிட்டு, கத்தரிக்காயைப் பரிமாறுகிறாளே என்று கோபமாக இருக்கும்.

பல வருஷங்களுக்குப் பிறகு சிறுபாணாற்றுப்படையை முதல் தடவையாகப் படித்தபோதுதான் பாட்டி எனக்குப் புரிந்தாள்.

பத்துப்பாட்டில் ஒன்றான அந்த நூலை நல்லூர் நத்தத்தனார் பாடினார். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். நம் சென்னையிலிருந்து தெற்கே போகும் வழியில் இருக்கும் திண்டிவனத்துச் சுற்றுவட்டாரந்தான் அவனுடைய நாடு. சுமார் 1,700 வருஷத்துக்கு முந்திய பாட்டு என்பார்கள். அதில் ஓர் ஏழைப் பாணன் தன் வீட்டுச் சமையலறையைச் சொல்கிறான். கூரை இற்று விழுந்திருக்கிறது. சுவரைக் கறையான் அரித்துக் காளான் பூத்திருக்கிறது. இன்னும் கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க வந்து முட்ட, பால் இல்லாத தாய்நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. பசியால் இளைத்த அவன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் ஏளனம் செய்வார்களே என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள்.

கதவைச் சாத்திவிட்டு! அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ராயப்பேட்டைச் சந்து வீட்டின் ரேழிக் கதவு தாழிடும் சத்தம் காதில் கேட்டது.

அதே பாட்டில் பின்னால் நல்லியக்கோடனின் அரண்மனை விருந்தும் வருகிறது. அந்தச் சமையல் எப்படிப்பட்டது என்றால், பீமசேனன் எழுதிய மடைநூல் சொன்னபடி, இம்மியும் வழுவாமல் ஆக்கியது. ராஜாவின் சோற்றுக்குப் புத்தகம் இருக்கிறது, அதுவும் பீமன் எழுதிய புத்தகம். கீரைக்கு ஒரு சாத்திய கதவு. சம்பாஜி கதையைக் கட்டியவர் யாரோ, அவருக்கு நத்தத்தனார் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லி வைத்தது போல எனக்குப் பட்டது.

வேளைக்கீரை தானாக முளைப்பது. கடுகு நெடியும் இளங்கசப்பும் உண்டு. இன்றைக்கும் கிராமங்களில் அதை வேகவைத்து, தண்ணீரை இறுத்துக் கசப்பைப் போக்கிச் சமைக்கிறார்கள். பருப்பு இருந்தால் அதற்குக் கசப்பே தெரியாது. பாணன் மனைவியிடம் பருப்பு இல்லை. உப்பே இல்லாதவளிடம் பருப்பு ஏது? கீரையும் பருப்பும் சந்திப்பதுதான் வறுமைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருக்கிற வாசற்படி என்று சொன்னால் மிகையாகாது.

பருப்பும் புளியும் சேர்ந்ததற்கும் பழைய சாட்சி இருக்கிறது. மலைபடுகடாம் என்ற பாட்டில், செங்கம் பக்கத்து நன்னன் நாட்டு மலைவாசிகள், மூங்கிலரிசியும் மலைநெல் அரிசியும் கலந்து, அவரை விதையைப் போட்டு, புளி கரைத்துக் கூழாக்கி விருந்தாளிக்கு இடுகிறார்கள். பயறு, புளி, அடுப்பு மூன்றும் கூடிவிட்டன. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டில் வரும் புதுப்பெண், தாளிக்கும் புகை கண்ணில் பட்டும் கண்ணைக் கழுவாமல் புளிக்குழம்பைத் துழாவுகிறாள். தயிர் பிசைந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள். ஆகத் தாளிப்பும் வந்துவிட்டது. தஞ்சாவூர் அரண்மனையில் புளி தீர்ந்து போகிற வரைக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

துவரையும் நம்முடையதே. அதன் காட்டு மூதாதை ஒரிஸ்ஸா, பஸ்தர் பக்கத்து மலைகளில் இன்னும் வளர்கிறது. அங்கிருந்துதான் ஆப்பிரிக்கா வரை போயிற்று. வந்தேறி என்று சொல்வதானால் மிளகாயைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்றுதான் நம்மவர்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். அது வருவதற்கு முன் கீரைக் குழம்பு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு திவசச் சமையலைப் பார்த்தால் போதும். மிளகாய் கூடாது, தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் கூடாது, மிளகும் சீரகமுந்தான். இறந்தவர்களுக்கு அவர்கள் தின்று பழகியதைப் போடுகிறோம் போலும். புளி விடாமல், மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டுப் பருப்போடு சேர்க்கும் பொரிச்ச குழம்பும், பாலக்காட்டார் மிளகூட்டலும் அந்தப் பழைய கிளையில் வந்தவை. கீரைக்கு அவை இரண்டும் மிக மிகப் பொருத்தம்.

நிற்க. ராயப்பேட்டைக்கு வருகிறேன்.

1855-ல் ஆற்காட்டு நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் காலமானதும் கம்பெனியார் பட்டத்தை ரத்து செய்தார்கள். சேப்பாக்கம் அரண்மனை கை நழுவிப் போயிற்று. பின்னால் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. 1876-ல் அந்தக் குடும்பம் ராயப்பேட்டை அமீர் மகாலுக்குக் குடிவந்தது. அவர்களை அண்டியும் அவர்களுக்கு முன்னும் வந்த முஸ்லிம் குடும்பங்களின் அடுப்புகளில் தால்சா கொதித்தது. வெறும் பருப்பில் புளி விட்டுக் கறிவேப்பிலை தாளித்த கட்டி தாலும் கொதித்தது. பேர்தான் உருது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டால் எந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்ல முடியாது. தெலுங்கர் வீட்டில் பாலகூர பப்பு, கன்னடத்தார் வீட்டில் சொப்பின ஹுளி. நாலு பாஷையில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற ஒரே குழந்தை அது.

அமீர் மகாலுக்கு அவர்கள் குடிவந்த அதே 1876-ல்தான் தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்தது. காட்டுக் கீரையும் கிழங்கும் கள்ளிப்பழமும் தின்று ஜனங்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் வாங்கும் கூலியும் சில்லறையும் போதும் என்று, கல்கத்தாவிலிருந்து வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 ஆரம்பத்தில் நிர்ணயித்தார். சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து நின்றார். ஒன்றரை ராத்தலாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், வெறும் தானியத்தைக் கொடுத்து மண் சுமக்கச் சொல்வது மெதுவாகக் கொல்வதே என்பது அவர் கட்சி. பிறகு சென்னை சர்க்கார் கூலியை உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். பஞ்சம் முடிந்தபோது கணக்கில் விழுந்த சாவு ஐம்பது லட்சத்துக்கு மேல்.

ஒரு கைப்பிடிப் பருப்புக்காக இரண்டு துரைமார்கள் காகிதத்தில் போட்ட சண்டையைப் பாட்டி கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும்.

பாட்டி பதினாறு வயதில் கல்யாணமாகி ராயப்பேட்டைக்கு வந்தது யுத்த காலம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சர்க்காரே ஊரைக் காலி செய்யச் சொல்லிற்று. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. என் தாத்தாவுக்கு உத்தியோகத்தை விட்டுப் போக வழியில்லை. ஆகவே இவர்கள் இருந்துவிட்டார்கள். பிறகு ரேஷன் வந்தது. துவரம்பருப்பு எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்று சொல்ல முடியாத நிலை. ஆழாக்குப் பருப்பை எட்டுப் பேருக்கு நீட்ட வேண்டும். ஜாம்பஜாரிலிருந்து கீரைக்காரி கூடையோடு வருவாள். ஒரு கட்டு வாங்கினால் இரண்டு கட்டாகக் கொடுப்பாள். வாங்கத் தெருவில் ஆள் ஏது? அந்தக் கீரைதான் பருப்பை நீட்டியது. "பருப்பு வாசனைக்கு, கீரை வயித்துக்கு" என்று பாட்டி சொல்வாள்.

அந்த நாட்களில்தான் சாப்பாட்டு நேரத்தில் வாசற்கதவைச் சாத்தும் பழக்கம் வந்தது. யாராவது எட்டிப் பார்த்து, தினமும் கீரைதானா என்று கேட்டுவிட்டால்? பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பீபியம்மா மட்டும் விலக்கு. சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் போகும், ஒரு கிண்ணம் வரும். இங்கிருந்து கீரைக் குழம்பு; அங்கிருந்து சூக்காக் கீரை போட்ட தால். இரண்டிலும் பருப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ராஜாஜி 1952-ல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்த அன்று பாட்டி முதல் காரியமாக இரண்டு படி துவரம்பருப்பு வாங்கி வைத்தாளாம். கதவைச் சாத்தும் வழக்கம் மாத்திரம் போகவில்லை.

ராயப்பேட்டைக்குச் சாம்பார் சரித்திரத்தில் இன்னொரு இடமும் உண்டு. தென் கன்னடத்துக் கடந்தலெயிலிருந்து வந்து, சமையலறை எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ், 1938-ல் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தது இங்கேதான். ராமநாதபுரம் ஜமீனின் பழைய பங்களாவில். பிறகு அது மைலாப்பூருக்குப் போயிற்று. 1962-ல் கதீட்ரல் ரோட்டில் டிரைவ்-இன் திறந்தார்கள். கார் கண்ணாடியில் தட்டை மாட்டிச் சாம்பார் ஊற்றினார்கள். 2008-ல் அதுவும் மூடப்பட்டு, இப்போது அந்த இடம் செம்மொழிப் பூங்கா. உடுப்பிக்காரர்கள் சாம்பாரை வாளியில் ஏற்றி ஊருக்கெல்லாம் பொதுவாக்கினார்கள். அது பெரிய காரியம். ஆனால் அந்த வாளியில் கீரை ஏறவில்லை. கீரை மண் போக அலச ஆள் வேண்டும். ஆய உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். புளியோடு இரண்டு மணி நேரம் கிடந்தால் கறுத்துப் பாசி நிறமாகிவிடும். ஹோட்டலுக்குக் கட்டுமா? வீட்டில்தான் கட்டும். ஏனென்றால் வீட்டில் ஆய்கிறவளுக்குச் சம்பளம் கிடையாது.

கீரைக்குக் கௌரவம் கொடுத்தது கடைசியில் விஞ்ஞானிகள். குன்னூரில் மக்காரிசன் என்ற டாக்டர் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற பஞ்சாபி எலிகள் கொழுகொழு என்று இருந்தன. தீட்டின அரிசி தின்ற மதராஸ் எலிகள் பார்க்கச் சகிக்கவில்லை. நம் மானம் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்! அவருக்குப் பின் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுகளில் என்னென்ன சத்து என்று அட்டவணை போட்டு 1937-ல் வெளியிட்டார். கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமின் வேறெங்கும் போக வேண்டாம், கீரையிலேயே கொட்டிக் கிடக்கிறது என்று அதில் தெரிந்தது. பின்னால் நிபுணர்கள் வகுத்த சமச்சீர் உணவில் ஓர் ஆளுக்குப் பருப்பு 3 அவுன்ஸ், கீரை 4 அவுன்ஸ். பாட்டியின் யுத்தகாலக் குழம்பில் கீரைக் கணக்கு சரியாக வந்திருக்கும், பருப்புத்தான் உதைக்கும்.

1951-ல் எஸ். மீனாக்ஷி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதி வெளியிட்டார். இளமையிலேயே கைம்பெண் ஆனவர். வீட்டுக் கைப்பக்குவத்தை அளவோடும் வரிசையோடும் அச்சில் ஏற்றினார். பீமசேனனுக்குப் பிறகு நம் அடுப்பங்கரைக்குக் கிடைத்த மடைநூல் என்று அதைத் தயங்காமல் சொல்வேன். பாட்டி அதை வாங்கவில்லை. "சமைக்கிறதுக்குப் புஸ்தகமா?" என்று சிரித்தாளாம்.

அவளுடைய புஸ்தகம் கையில் இருந்தது. கீரையை நறுக்கின பிறகு கழுவக் கூடாது. முழுசாக அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, கையால் தூக்கி எடுக்க வேண்டும், மண் அடியில் தங்கிவிடும். அப்படி மூன்று தண்ணீர். பருப்பு மஞ்சள் பொடியோடும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயோடும் குழைய வெந்த பிறகே புளி. முன்னால் விட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும். புளிப்பு அதற்கு ஆகாது. கீரை வேகும்போது சட்டியை மூடக் கூடாது. மூடினால் கீரையின் சொந்தப் புளிப்பே உள்ளே தங்கி நிறத்தைக் கெடுக்கும். புளித்தண்ணீர் தனியே கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு, பருப்பும் பொடியும் சேர்ந்து ஒரு கொதி வந்ததும் கடைசியாகத்தான் கீரை விழும். பிறகு வடகம் தாளித்துக் கொட்டுவாள். முளைக்கீரையானால் தண்டோடு, அரைக்கீரையானால் மண்சட்டியில் மத்தால் நாலு சுழற்று. அகத்தியை மட்டும் இதில் சேர்க்கமாட்டாள்; அதற்குத் துவாதசி இருக்கிறது.

பாட்டியின் கடைசி வருஷத்தில் ஒருநாள் என் மனைவி கீரைக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட உட்காரும் சமயம் பார்த்து, முன்னறிவிப்பில்லாமல் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். வேறு ஒன்றும் இல்லை. அதையே பரிமாறும்படி ஆயிற்று. பாட்டி கட்டிலில் படுத்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வந்த அம்மாள் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கி, "எங்க வீட்ல பண்ணா இந்தப் பச்சை நிக்கமாட்டேங்குதே, என்ன பண்றீங்க?" என்று விசாரித்தாள். என் மனைவி பதில் சொல்லுமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மூடாம வேகவெக்கணும்" என்றாள் பாட்டி. பிறகு கொஞ்சம் பொறுத்து, சுவரைப் பார்த்தபடியே என் மனைவியைக் கேட்டாள்: "மூணு தண்ணி அலசினியா?"